வாசலில் ஒரு செம்புத் தகடு

4 பிப்ரவரி 2008, திங்கள்

இந்த டைரி ஒரு கழிவு. பாண்டிராஜ் வேலை பார்க்கும் பிரஸ்ஸில் பைண்டிங்கில் தப்பு நடந்து, ஜூலை மாதம் இரண்டு தடவை வந்துவிட்டது, அக்டோபர் காணோம். இப்படி இருபது டைரி. எடைக்குப் போகுமுன் ஒன்றை எனக்குக் கொண்டு வந்தார். "எப்பப் பாத்தாலும் எதையாவது யோசிச்சுக்கிட்டே இருக்கீல்ல, இதுல எழுதி வை" என்றார். பொண்டாட்டிக்கு வாங்கித் தந்த பரிசு! அக்டோபர் இல்லாத வருஷம் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே சோற்றை அடிப்பிடிக்க விட்டேன். எனக்கு இது வழக்கம்.

இன்று பயிற்சி ஆரம்பம். ஆமத்தூர் தாண்டி ரோட்டை விட்டு உள்ளே இருக்கிற பல்கலைக்கழகம். பட்டாசுக் கம்பெனிகளில் வேலை பார்த்த பெண்கள் இருபது பேருக்கு ஆறு மாதம் சி.என்.சி. லேத் சொல்லித் தருகிறார்கள். கம்ப்யூட்டர் சொன்னபடி இரும்பைக் கடையும் மிஷின். பிளஸ் டூ பாஸ் ஆகியிருக்க வேண்டும். நான் பாஸ். விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் புஸ்வாணக் குழலுக்கு மருந்து செலுத்தியதில் அது எனக்கே மறந்து போயிருந்தது.

போர்மேன் அய்யாதுரை அண்ணன் என் இடத்தை ஆவணி வரை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷர். ஆனால் எனக்கு வேண்டியது ஒன்றுதான். திரும்ப அந்த ரூமுக்குள் போய் மருந்துக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது.

5 பிப்ரவரி

மிஷின் ஷாப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரைத் தடவினேன். இருபது பேரும் தடவினோம். பட்டாசு ரூமுக்குள் நுழையும்போது வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போவோம். உடம்பில் இருக்கும் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். தொடாமல் போனால் ரூமில் இருக்கும் மற்ற மூன்று பேரும் நம்மைப் பிடித்துக் கிழித்துவிடுவார்கள். பன்னிரண்டு வருஷம் தொட்ட கை, சும்மா இருக்குமா?

மிஷின் ஷாப்புக்குப் பொறுப்பு கண்ணுச்சாமி சார். என்னைவிட மூன்று நான்கு வயதுதான் கூட இருக்கும், கோபம் மட்டும் அறுபது வயதுக்கு. "என்னம்மா எல்லாரும் சுவத்துல தேடுறீக?" என்று கேட்டார். பிறகு வெறுங்கால்களைப் பார்த்து இன்னும் சத்தம் போட்டார். தரையெல்லாம் இரும்புச் சுருள், ஷூ இல்லாமல் உள்ளே வரக் கூடாதாம். அங்கே செருப்போடு போனால் திட்டு, இங்கே செருப்பில்லாமல் போனால் திட்டு. அதற்குள் கூடப் படிக்கும் சொர்ணலட்சுமி காலைக் கிழித்துக்கொண்டாள்.

13 பிப்ரவரி

மிஷினுக்குள் பால் மாதிரி ஒரு தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறது, இரும்பு சூடாகாமல் இருக்க. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் மழைக்குள் யாரோ தனியாக வேலை செய்வது போல இருக்கிறது. சத்தமே கேட்கவில்லை எனக்கு. சார் இரண்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டாராம்.

21 பிப்ரவரி

பர்ஹத் மேடம் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கும் வீட்டுப் பெண். இங்கே ஆராய்ச்சி செய்கிறார்கள், இந்தப் பயிற்சியும் அவர்கள் எழுதிக் கொடுத்து வந்ததுதான். என்னைவிட நான்கு வயது சின்னவர்கள், என்னை அக்கா என்கிறார்கள். நான் மேடம் என்கிறேன். இரண்டு பேருக்குமே கொஞ்சம் கூச்சம்.

அவர்கள் ஆராய்ச்சி, கை படாமல் மருந்து செலுத்தும் மிஷின். மிஷின் ரூமுக்குள், ஆள் வெளியே சுவருக்குப் பின்னால். கரண்ட்டே கிடையாது, தூரத்தில் இருந்து குழாயில் வரும் காற்றில் ஓடும். எவ்வளவு அழுத்தினால் மருந்து சரியாக இறங்கும் என்று என் கையைத் தராசில் வைத்து அமுக்கச் சொல்லி எழுதிக்கொண்டார்கள். பத்துத் தடவை அமுக்கினேன். பத்தும் கிட்டத்தட்ட ஒரே எடை. மேடம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

பிறகு, வீட்டில் யாருக்காவது விபத்து நடந்திருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார்கள். இல்லை. இங்கே எல்லாரும் இதைக் கேட்கிறார்கள். என்னிடம் அப்படி ஒரு கதை இல்லை. யாரும் சாகவில்லை. தினமும் காலையில் இன்றைக்கோ என்று நினைத்துக்கொண்டு போவோம், சாயங்காலம் இன்றைக்கு இல்லை என்று வருவோம். பன்னிரண்டு வருஷம். இதைக் கதை என்று யார் கேட்பார்கள்?

4 மார்ச்

எழுதக் கை வரவில்லை.

5 மார்ச்

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

கிரைண்டிங் பாடம். மழுங்கின வெட்டுளியைச் சுற்றும் கல்லில் பிடித்துக் கூர் தீட்ட வேண்டும். கடைசிப் பரீட்சையில் அது கட்டாயம். சார் உளியைக் கல்லில் வைத்தார். பொறி கொட்டியது. இவ்வளவு பொறியை நான் கம்பெனியில் பார்த்ததே இல்லை, பார்த்திருந்தால் இதை எழுத இருந்திருக்க மாட்டேன். அடுத்து என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை. சொர்ணலட்சுமி சொல்லித்தான் தெரியும். வாசலில் தொங்கிய தீயணைக்கும் சிவப்பு மண்வாளியை நான் எடுத்து ஒரே வீச்சு. கிரைண்டர் மேல் பாதி. மீதி, பக்கத்தில் கதவு திறந்து கிடந்த சி.என்.சி. லேத்துக்குள்.

எண்ணெய் பூசின இரும்புப் பாதை முழுக்க மண். ஒரு தூசி விழுந்தால் கூடாதென்று சார் வெள்ளைத் துணியால் துடைத்து வைக்கும் மிஷின் அது. அவர் திட்டவில்லை. வாளியை என் கையில் இருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். திட்டியிருக்கலாம்.

சொர்ணலட்சுமிகூடப் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. ச்சே. என்ன பிறவி நான்! வேற வழி... விஸ்வநத்தந்தான்.

6 மார்ச்

துறைத்தலைவர் என்னை அனுப்பிவிடலாம் என்றார். சாரும் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார். பர்ஹத் மேடம் மட்டும், ஏன் செய்தார்கள் என்று முதலில் கேட்போமே என்றார்கள்.

மிஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே சொன்னோமே, அதை ஏன் அழுத்தவில்லை என்று கேட்டார்கள். எனக்கு உண்மையில் அந்த யோசனையே வரவில்லை. சொன்னேன்: "எங்க ரூம்ல சுவிட்சே கிடையாது மேடம். தீயப் பாத்தா அதுக்குக் கிட்டப் போய் எதையும் அமுக்க மாட்டோம். மண்ணு, இல்லன்னா வாசலு. இந்த ரெண்டுதான் தெரியும்."

மேடம் பேனாவை எடுத்தார்கள். எழுதாமலே மூடி வைத்தார்கள். பிறகு, தன் மிஷினிலும் நிறுத்தும் பொத்தான் மிஷின் மேலேயே இருக்கிறது, ஆபத்து வந்தால் எங்களில் ஒருவரும் அதன் பக்கம் போக மாட்டோம் என்று துறைத்தலைவரிடம் சொன்னார்கள். இரண்டு வருஷமாகத் தப்பாக வரைந்துகொண்டிருந்தேன் சார் என்றார்கள். தப்பு செய்தது நான், தலை குனிந்தது அவர்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

முடிவு: மிஷினை நானே சுத்தம் செய்ய வேண்டும். சார் கூட நிற்பார். ஒரு பொட்டு மண் இருந்தாலும் வீட்டுக்கு.

18 மார்ச்

பதினோரு நாள். மண்ணெண்ணெய், பிரஷ், பனியன் வேஸ்ட் துணி. ஒவ்வொரு மூடியாகத் திறந்து, ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி வரிசையாக வைத்து, துடைத்து, மாட்டி. முதல் மூன்று நாள் சார் "ம்" தவிர எதுவும் சொல்லவில்லை. நான்காம் நாள் ஒரு நீளமான திருகுத் தண்டைக் காட்டி, இதுதான் இதன் முதுகெலும்பு, இதற்குள் குண்டு குண்டாக உருண்டைகள் ஓடும் என்றார். நான் கையை வைத்துத் தள்ளினேன். மேசை வழுக்கிக்கொண்டு போனது, வெண்ணெயில் போவது மாதிரி. இன்னொரு தடவை தள்ளலாமா என்று கேட்டேன். சிரித்துவிட்டார் மனுஷர்.

மற்றவர்கள் பொத்தானை அமுக்கக் கற்றுக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே இருந்தேன். இப்போது மிஷின் ஓடும்போது எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது. கண்ணை மூடினாலும் தெரிகிறது.

8 ஏப்ரல்

விருதுநகர் பங்குனிப் பொங்கல் லீவு. கனவு: கம்பெனியில் எங்கள் ரூமில் நாலு பேரும் உட்கார்ந்திருக்கிறோம். கூரையில் இருந்து பொறி கொட்டுகிறது. பூப்போல மடியில் விழுகிறது, எதுவும் பற்றவில்லை. எங்களில் மூத்த கருப்பம்மாள் அக்கா அதைப் பொறுக்கி முந்தானையில் முடிகிறார். விழித்த பிறகும் நல்லாயிருந்தது.

29 மே

கிரைண்டர் பக்கம் இன்னும் போக முடியவில்லை. லேத்தில் நான்தான் முதல். அங்கே மட்டும், பொறி வந்ததும் கால் தானாக வாசலுக்குத் திரும்புகிறது. சுவிட்சைப் போடுகிறேன், கல் சுற்றுகிறது, உளியை வைக்கக் கை போகவில்லை. பரீட்சைக்கு இன்னும் எட்டு வாரம். இதில் தேறாவிட்டால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் என்ன என்பதைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டாம்.

19 ஜூன்

கரண்ட் போனது, மூன்று மணி நேரம். எல்லாரும் வெளியே மரத்தடியில். நான் கிரைண்டர் முன்னால் நின்று சுற்றிலும் பார்த்தேன். கீழே சிமெண்ட் தரை. பின்னால் சுவர். பக்கத்தில் இரும்புப் பெட்டி. பற்ற ஒன்றுமே இல்லை. பன்னிரண்டு வருஷம் நான் பயந்தது பொறிக்கு இல்லை, பொறிக்குப் பக்கத்தில் கிடந்ததற்கு. இது யாரும் சொல்லித் தராமல் தெரிய இத்தனை நாளா எனக்கு?

கரண்ட் வந்ததும் உளியை வைத்தேன். பொறி என் சட்டைக் கையில் பட்டது, அணைந்தது. கோணலாகத்தான் தீட்டினேன். சார் உளியைத் திருப்பிப் பார்த்து, "இது உளியா, வெத்தலை வெட்டுற கத்தியா?" என்றார். சந்தோஷத்தில் நான் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

24 ஜூலை

பரீட்சை. எல்லாவற்றிலும் பாஸ். கிரைண்டிங்கில்கூட.

30 ஜூலை

கோயம்புத்தூர் பம்ப் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஒன்பது பேரை எடுத்தார்கள். ஹாஸ்டலில் தங்க வேண்டும், அதனால் கல்யாணம் ஆகாதவர்கள் மட்டும். சொர்ணலட்சுமி போகிறாள். என் மார்க்கைப் பார்த்த அதிகாரி, அடடா என்றார். அந்த அடடாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பாண்டிராஜ், அதுக்காக நம்ம கல்யாணத்தை ரத்து பண்ணவா என்று கேட்டார். சிரிக்க வைக்கப் பார்த்தார். நான் அழுதேன். பாவம், அவருக்கு இன்று சோறும் இறங்கவில்லை.

இரண்டாவது ஜூலையை எழுதாமல் விட்டிருக்கிறேன். அக்டோபருக்கு வேண்டும்.

17 ஆகஸ்ட்

ஆவணி பிறந்துவிட்டது. அய்யாதுரை அண்ணன் ஆள் அனுப்பினார். சீசன் ஆர்டர் குவிந்து கிடக்கிறதாம்.

20 ஆகஸ்ட்

பர்ஹத் மேடம் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஒரு நாற்காலி, அதிலும் ஒரு கால் ஆடும். உட்கார்ந்து அப்படியே பேசினார்கள். மிஷினைச் சோதிக்க ஒரு கம்பெனி ஒப்புக்கொண்டிருக்கிறது. எது என்று நான் கேட்கும் முன்பே தெரிந்துவிட்டது. எங்கள் கம்பெனி, என் ரூம். மிஷினை வெளியே இருந்து ஓட்ட ஆள் வேண்டும், ஆறு மாதத்துக்குப் பல்கலைக்கழகமே சம்பளம் தரும். "அக்கா, நீங்க சுவத்துக்கு இந்தப் பக்கம்தான் இருப்பீங்க. உள்ள உக்காரப் போறதில்ல" என்றார்கள்.

நிறுத்தும் பொத்தானை எங்கே வைக்கலாம் என்று என்னிடமே கேட்டார்கள். தீயைப் பார்த்து ஓடும்போது கை எங்கே போகும்? யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வாசலில் செம்புத் தகடு இருக்கும் இடத்துக்குத்தான்.

6 செப்டம்பர்

தகட்டுக்குப் பின்னால் ஒரு பித்தளைக் குழல், ஸ்பிரிங், காற்று அடைப்பான். தகட்டைத் தொட்டு லேசாக அமுக்கினால் காற்று நின்றுவிடும், மிஷினும் நின்றுவிடும். திரும்ப ஓட்ட வேண்டுமானால் சுவருக்குப் பின்னால் நான்தான் நெம்புகோலைத் தள்ள வேண்டும். அந்தப் பித்தளைக் குழலை நானே லேத்தில் கடைந்தேன். பித்தளையில் பொறி வராது. பொன்மாதிரிச் சுருள் சுருளாக விழுந்தது. ஒன்றை டைரிக்குள் வைத்திருக்கிறேன்.

15 செப்டம்பர், திங்கள்

முதல் நாள். மானம் போனது.

காலிக் குழல் அடுக்கிய தட்டை உள்ளே வைக்கவும், நிரம்பியதை எடுக்கவும் கருப்பம்மாள் அக்காவும் இன்னும் இரண்டு பேரும். என்னோடு சேர்த்து அதே பழைய நாலு பேர். மிஷின் ஓடுகிறது. அடுத்த தட்டை வைக்க அக்கா உள்ளே போகிறார். போகும்போது தகட்டைத் தொடுகிறார். மிஷின் நின்றுவிட்டது. நான் நெம்புகோலைத் தள்ளுகிறேன். அடுத்தவள் வருகிறாள், தொடுகிறாள். நின்றுவிட்டது. மத்தியானத்துக்குள் பதினேழு தடவை. முதலாளி வந்து பார்த்துவிட்டு, இதற்குக் கையாலேயே செலுத்திவிடலாமே என்று அய்யாதுரை அண்ணனிடம் சொன்னார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "தொடாதீகன்னு எத்தன தடவ சொல்றது!" என்று அக்காவைப் பார்த்துக் கத்திவிட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அந்த வாசலை எனக்குப் பழக்கிவிட்டவரே அவர்தான். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "ஏடி செல்வி, தொடாம எப்படிடி உள்ள போக?" என்றார். கேட்டது நியாயம்தானே. நான்தான் கை போகும் இடம் என்று சொல்லி அங்கே வைக்கச் சொன்னேன். ஓடி வரும்போது மட்டுமா கை அங்கே போகும்? உள்ளே போகும்போதும் போகுமே. இது எனக்குத் தெரியாதா?

மேடம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மண்ணில் குச்சியால் ஏதோ கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

16 செப்டம்பர்

பொத்தானை வேறு இடத்துக்கு மாற்றப் போகிறார்கள் என்று நினைத்து ஸ்பேனரோடு போனேன். வேண்டாம் என்றார்கள் மேடம். "ராத்திரி யோசிச்சுப் பாத்தேன் அக்கா. ஆள் உள்ள இருக்கும்போது மிஷின் ஒரு தடவகூட ஓடல. நான் வரஞ்சிருந்தாகூட இப்படி வந்திருக்காது."

இதுதான் இனிமேல் முறை. நாலு பேரும் வெளியே, அப்புறம் ஓட்டம். யாராவது உள்ளே போனால் நிற்கும். தட்டைப் பெரிதாக்கினால் அடிக்கடி போக வேண்டியிருக்காது. முதலாளிக்கு முகம் சுருங்கியது. ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்.

2 அக்டோபர்
(இரண்டாவது ஜூலையில் எழுதுகிறேன். தேதியை அடித்திருக்கிறேன்.)

காந்தி ஜெயந்தி லீவு. வேலை ஒரு வழிக்கு வந்துவிட்டது. ஆனால் நடுவில் உள்ளே எட்டிப் பார்க்கும் பழக்கம் கருப்பம்மாள் அக்காவுக்குப் போகவில்லை. குழல் சாய்ந்திருக்கிறதா, மருந்து கட்டி தட்டியிருக்கிறதா. தொடுவார், நிற்கும், நான் திட்டுவேன், அவர் முறைப்பார். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது. மிஷின் ஓடும்போது எங்களுக்கு வேலையே இல்லை, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறோம். பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் கம்பெனிக்கு மேலே வானம் இருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

இந்த மிஷின் நிலைத்தால் நாலு பேர் வேலையை இரண்டு பேர் பார்க்கலாம். கருப்பம்மாள் அக்காவும் அதைக் கேட்டார். நெம்புகோலைத் துடைக்கப் போய்விட்டேன். அந்த நினைப்பு வந்தால் வானம் அவ்வளவு நன்றாக இல்லை.

14 அக்டோபர், செவ்வாய்

ரூம் எரிந்துவிட்டது. நாலு பேரும் இருக்கிறோம்.

15 அக்டோபர்

நேற்றுக் காலையில் லேசாக மழை. ஈரம் இருந்தால் மருந்து தன்னால் சூடாகும் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் வெயில் வந்த பிறகுதான் ஆரம்பித்தோம். மிஷினுக்கு மேலே அரைக் கிலோ மருந்துதான் இருந்தது. பதினொன்றரை இருக்கும். கருப்பம்மாள் அக்கா வழக்கம்போல உள்ளே போனார். தகட்டைத் தொட்டார், மிஷின் நின்றது. சாய்ந்த இரண்டு குழலை நிமிர்த்திவிட்டு வெளியே வந்தார். நான் வழக்கம்போலத் திட்டினேன். "அதான் வந்துட்டேன்ல, தள்ளுடி" என்றார். அவர் மரத்தடியில் போய் உட்காரும் வரை பார்த்துவிட்டு நெம்புகோலைத் தள்ளினேன்.

மிஷின் ஓட ஆரம்பித்து அவர் முந்தானையால் முகத்தைத் துடைப்பதற்குள் வெளிச்சம். சத்தம் அதற்குப் பிறகுதான். வாசல் வழியாக வெள்ளைத் தீ வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. அவ்வளவுதான். அப்புறம் புகை.

நான் ஓடவில்லை. மண்வாளியையும் எடுக்கவில்லை. நெம்புகோலைப் பிடித்தபடி எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, என்னைச் சேர்த்து நாலு. திரும்ப எண்ணினேன். அய்யாதுரை அண்ணன் ஓடி வந்து "உள்ள யாரு, உள்ள யாரு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "யாரும் இல்லண்ணே" என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. இருபத்தைந்து வருஷத்தில் இப்படி ஒரு பதிலை அவர் கேட்டதில்லையாம்.

பர்ஹத் மேடம் சாயங்காலம் வந்தார்கள். மிஷின் கருகிப்போய்க் கிடந்தது, மூன்று வருஷ உழைப்பு. அதைப் பார்க்காமல் நேரே மரத்தடிக்கு வந்து, கருப்பம்மாள் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். செம்புத் தகடு மட்டும் அப்படியே இருக்கிறது, கொஞ்சம் கறுத்து.

27 அக்டோபர், தீபாவளி

முதலாளி இன்னும் இரண்டு ரூமுக்கு மிஷின் கேட்டிருக்கிறார். ரூமுக்கு நாலு பேரில் யாரையும் நிறுத்தாமல் இருந்தால்தான் தருவேன் என்று மேடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் தட்டுக்கு, இரண்டு பேர் சுவருக்குப் பின்னால் நெம்புகோலுக்கு. கண்ணுச்சாமி சார் பித்தளை வாங்கி வைத்துவிட்டுச் சொல்லி அனுப்பியிருக்கிறார். நாளை மறுநாள் லேத்துக்குப் போகிறேன்.

சாயங்காலம் கருப்பம்மாள் அக்கா அதிரசம் கொண்டு வந்தார். பாண்டிராஜ் "வாங்கக்கா, வாங்க" என்று அந்த ஆடும் நாற்காலியை இழுத்துப் போட்டார். அக்கா வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே கால் வைக்கும் முன் அவர் கை நிலைக்கதவில் போய் எதையோ தேடித் தொட்டது.

நான் திட்டவில்லை. தொட்டு முடிக்கும் வரை நின்றுவிட்டு, உள்ளே வாங்கக்கா என்றேன்.